சாலைக்கு வரும் குமாரகோவில் முருகன்

திருவனந்தபுரம் கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவை உருவாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ். அவர் பிறந்த விளவங்கோடு தாலுகா இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர் அமைத்த சந்தை கேரளத் தலைநகரின் நடுவில். தோவாளைப் பூவும் நாகர்கோவில் பக்கத்துக் காய்கறியும் இங்கேதான் வந்து இறங்கும். கடைக்காரர் தமிழில் விலை சொல்வார், வாங்குபவர் மலையாளத்தில் பேரம் பேசுவார், வியாபாரம் நடந்துவிடும்.

அரசியலில் இது இவ்வளவு எளிதாக நடக்கவில்லை. 1954 திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களை வென்றது. தமிழர் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டும் என்பதே மார்ஷல் நேசமணி தலைமையில் அந்தக் கட்சி எழுப்பிய கோரிக்கை. ஆட்சியில் இருந்ததோ 19 உறுப்பினர்களை மட்டுமே கொண்ட பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. முதல்வர் பட்டம் தாணுபிள்ளை, 45 இடம் வைத்திருந்த காங்கிரஸின் தயவில் ஆண்டுகொண்டிருந்தார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக்காகப் போராடியவர்களைப் போலீஸ் சுட்டதில் உயிர்கள் பறிபோயின. தன் கட்சி ஆட்சியே சுட்டதை ஏற்காமல் ராம் மனோகர் லோகியா பதவி விலகச் சொன்னார். பட்டம் விலகவில்லை, ஆனால் 1955 பிப்ரவரியில் அவர் ஆட்சி கவிழ்ந்தது.

அந்த ரத்தத்துக்குப் பிறகு சமரசம் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை இன்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1955 செப்டம்பரில் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்கள் சென்னைக்கு என்றது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கேரளத்தில் இருக்கட்டும் என்றது. முடிவில் செங்கோட்டையும் இரண்டாகப் பிரிந்தது. தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டங்களை இழந்ததில் தமிழருக்கு மனக்கசப்பு. நாஞ்சில் நாட்டு நெல்வயல்களை விட்டுக்கொடுத்ததில் மலையாளிகளுக்கு மனக்கசப்பு. யாருக்கும் முழுத் திருப்தி தராத அந்தக் கோடு 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளையில் விழுந்தது.

கோடு கிழித்ததோடு நின்றிருந்தால் பகை வளர்ந்திருக்கும். கோயில்களை என்ன செய்வது? முன்பு கோயில் சொத்துகளைத் திருவிதாங்கூர் அரசு எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஆண்டுதோறும் பணம் தந்துவந்தது. இப்போது கோயில்களும் இரண்டு மாநிலங்களில். ஏழாவது திருத்தத்தின் வழி அரசியல் சட்டத்தில் 290ஏ பிரிவு சேர்ந்தது. திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்குக் கேரளம் ஆண்டுக்கு 46.5 லட்சம் ரூபாய், தன்னிடம் வந்த கோயில்களுக்குத் தமிழகம் 13.5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அதில் எழுதிவைத்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனையிலோ இன்னும் துணிவான ஏற்பாடு: நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். உரிமையையும் எல்லையையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

இதன் பலனைச் சாலையிலேயே பார்க்கலாம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதி, குமாரகோவில் வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரம் வருவது பழைய அரச வழக்கம். பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் கைமாறியதும் ஊர்வலம் கிளம்பும். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கல். களியக்காவிளையில் கேரளப் போலீஸ் அணிவகுத்து வரவேற்கும். தலைநகர் சேர்ந்ததும் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், நங்கை செந்திட்டைக்கும் போவார்கள். முருகன் தங்குவது சாலையை ஒட்டிய ஆரியசாலை பகவதி கோயிலில். விஜயதசமியன்று பூஜப்புரை போய்விட்டுப் பிறகு ஊர் திரும்புகிறார்.

எல்லை பிரிந்த 1956-ல் இந்த வழக்கத்தை நிறுத்தியிருக்கலாம். சிலைகள் எங்களுடையவை என்று ஒரு தரப்பும், விழா எங்களுடையது என்று மறு தரப்பும் வழக்காடியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முல்லைப்பெரியாற்றுக்காக இன்று நீதிமன்றம் ஏறி இறங்கும் இரு மாநிலத் தலைவர்களும், அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் 1956-ன் இந்தக் கோப்புகளை ஒரு முறை புரட்ட வேண்டும்.