சாலையே பந்தயத் திடலான கதை

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறிவரும் மலைச்சாலையை அறியாதவர் நம் தோட்டங்களில் இருக்க முடியாது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு ஓட்டுநர் ஹாரன் அடிப்பார். லோரியின் பின்புறம் நிற்கும் நாம் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஒரு சாலையில், எதிரே வண்டி வராது என்ற ஒரே உறுதியைக் கொடுத்துவிட்டு, "யார் முதலில் வருகிறார் பார்ப்போம்" என்று கார்களை அவிழ்த்துவிட்டால் எப்படியிருக்கும்? இது வெறும் கற்பனையன்று. நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில், 1961 முதல் 1973 வரை ஏறத்தாழ ஆண்டுதோறும் நடந்ததுதான்.

மோட்டார் பந்தயம் பிறந்ததே பொதுச்சாலையில்தான். 1895-இல் பிரான்சில், பாரிஸிலிருந்து போர்தோ நகருக்குப் போய்த் திரும்பிய பந்தயத்தில் எமில் லெவஸோர் என்பவர் சுமார் 1,200 கிலோமீட்டரை ஏறக்குறைய 49 மணி நேரத்தில் ஓட்டி முடித்தார். அடுத்த ஆண்டே வேறொரு பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, 1897-இல் காலமானார். ஆனால் உலகத்தை உலுக்கியது 1903-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் தொடங்கிய பாரிஸ் - மாட்ரிட் பந்தயம். இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டன. அந்நாளில் தார் போட்ட சாலை ஏது? முன்னே போகும் வண்டி கிளப்பும் புழுதியில் பின்னே வருபவருக்குச் சாலையே தெரியாது. வெயில் காலத்தில் நம் செம்மண் பாதையில் லோரிக்குப் பின்னால் நடந்தவர்களுக்கு அந்தப் புழுதி எப்படிப்பட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போதாததற்கு, வேடிக்கை பார்க்க வந்த கிராமத்து மக்கள் சாலையின் மீதே நின்றார்கள். அவ்வளவு வேகத்தில் வரும் ஒரு பொருளை அவர்கள் வாழ்நாளில் கண்டதில்லை. ஒதுங்க எவ்வளவு நேரம் வேண்டும் என்ற கணக்கும் அவர்களுக்குத் தெரியாது. ஓட்டுநர்கள், உடன் சென்ற மெக்கானிக்குகள், பார்வையாளர்கள் எனப் பலர் மாண்டார்கள். ரெனோ கார்த் தொழிலை நிறுவிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் உயிரிழந்தார். அரசாங்கம் பந்தயத்தை போர்தோ நகரிலேயே நிறுத்திவிட்டது. மாட்ரிட் போய்ச் சேர வேண்டிய வண்டிகள் ரயிலேறி வீடு திரும்பின.

இதற்குப் பின்னர்தான் பந்தயத்துக்கென்று தனித் தடம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1907-இல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் தடம் திறக்கப்பட்டது. ஆயினும், தனித் தடம் கட்டப் பணம் வேண்டுமே! சாலையோ சும்மா கிடைக்கிறது. ஆகவே ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் பகுதியில் சாலையே பந்தயத் திடலாயிற்று.

சிங்கப்பூரில் அப்பர் தாம்சன் சாலையையும் பழைய அப்பர் தாம்சன் சாலையையும் இணைத்து, ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் கொண்ட ஒரு சுற்று அமைத்தார்கள். 1961-இல் இயன் பார்ன்வெல் என்பவர் ஆஸ்டன் மார்ட்டின் காரில் முதல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு அதற்கு மலேசிய கிராண்ட் பிரீ என்றே பெயரிட்டார்கள். சிங்கப்பூர் பிரிந்து சென்ற பிறகு, 1966-இல் அது சிங்கப்பூர் கிராண்ட் பிரீ ஆனது. 1964-இல் மழை கொட்டியதால் சில சுற்றுகளிலேயே போட்டியைக் கைவிட்டார்கள். நம்மைக் கேட்டால், அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான் என்போம்.

அத்தடத்தின் வளைவுகளுக்கு வைத்த பெயர்களே அதன் குணத்தைச் சொல்லும். ஒன்று 'சாத்தான் வளைவு'. நெளிந்து நெளிந்து செல்லும் மற்றொரு பகுதி 'பாம்புகள்'. சாலையோரம் வழக்கமான பொருள்கள்தாம்: விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், மரம், மழைநீர் ஓடும் ஆழமான கால்வாய். மற்ற நாள்களில் அவை எல்லாம் மக்களுக்கு உதவுபவை. பந்தய நாளில் அவையே எமன்.

ஏன் என்று சற்றுப் பார்ப்போம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்டு வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 1970-களின் தொடக்கத்தில் தாம்சன் சாலையில் ஒரு சுற்றை இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக முடித்தார்கள். அப்படியானால் சராசரி வேகமே மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் சக்கரம் வழுக்கினால், ஓட்டுபவரின் திறமை அதோடு முடிந்தது. பிறகு அவர் பிழைப்பதும் பிழைக்காததும் எதிரே வெற்று நிலம் இருக்கிறதா, கம்பம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 1972-இலும் 1973-இலும் அடுத்தடுத்து உயிர்ப்பலி நேர்ந்தது. சாலையை அடைப்பதால் போக்குவரத்துக்கு ஏற்பட்ட இடைஞ்சலும் சேர்ந்துகொள்ள, 1973-உடன் அப்பந்தயம் நின்றுபோயிற்று.

நம் நாட்டில் 1968-லேயே பத்து தீகாவில் தனித் தடம் வந்துவிட்டது. ஆனால் தடம் தனியானால் மட்டும் போதவில்லை. 1977-இல் அங்கே ஒரு கார் தடம் விலகிப் பாய்ந்ததில் பார்வையாளர்கள் உயிரிழந்தார்கள். பந்தயத்தில் இறங்குகிறவர் ஆபத்தை அறிந்தே இறங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்தவர் அப்படியா?

1999-இல் திறந்த செப்பாங் தடத்தில் வளைவுகளுக்கு வெளியே சரளைக்கல் பரப்பிய அகன்ற நிலம் உண்டு. சேற்றில் இறங்கிய லோரிச் சக்கரம் போல, தடம் விலகிய வண்டி அதில் புதைந்து வேகம் இழக்கும். அப்படியிருந்தும் 2011-இல் இத்தாலிய மோட்டார் சைக்கிள் வீரர் மார்கோ சிமோன்செல்லி அங்கே இறந்தார். அவர் கம்பத்திலோ மரத்திலோ மோதவில்லை. தடத்தின் மீதே விழுந்து, பின்னால் வந்த வண்டிகளில் அடிபட்டார்.

சிங்கப்பூரில் 2008-இல் பந்தயம் மறுபடியும் நகரச் சாலைக்கே வந்தது. இம்முறை சாலையின் இரு புறமும் கான்கிரீட் தடுப்பு, அதன்மேல் உயரமான கம்பி வேலி. பழைய அப்பர் தாம்சன் சாலை மட்டும் காட்டோரத்தில் அமைதியாகக் கிடக்கிறது. இன்று அது ஒருவழிச் சாலை. பாம்புகள் எனப் பெயர் பெற்ற அதே நெளிவுகளில், குரங்குகள் குறுக்கே ஓடுமென்று வண்டிகள் மெதுவாகவே செல்கின்றன.