நடுக்கம் மட்டுமல்ல: பார்க்கின்சன் நோயாளரின் அன்றாடம்

பார்க்கின்சன் என்றதும் கை நடுக்கமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் நோயாளரின் அன்றாட வாழ்வை அதிகம் முடக்குவது உடல் அசைவு மந்தமாவதுதான். சேட்டுக்குப் பொத்தான் பூட்டவே நெடுநேரம் பிடிக்கும். எழுத்து சிறுத்துக்கொண்டே போவதால் வங்கியில் கையொப்பம் பொருந்தாமல் போகலாம். வாசற்படியில் கால்கள் நிலத்தோடு ஒட்டியதுபோல நின்றுவிடும்.

இந்நோயை 1817 இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தார். மூளையில் டோபமைனைச் சுரக்கும் கலங்கள் படிப்படியாக அழிவதே அசைவு குன்றக் காரணம். மணம் தெரியாமை, மலச்சிக்கல் போன்றவை பல ஆண்டுகள் முன்னரே தோன்றலாம். அழிந்த கலங்களை மீட்கும் மருந்து இன்னும் இல்லை.

1960களில் பாவனைக்கு வந்த லெவோடோபாவே இன்றும் பிரதான மருந்து. நோய் முற்றும்போது, அடுத்த வேளைக் குளிசைக்கு முன்னரே அதன் பலன் தீர்ந்துவிடும். குளிப்பதும் கடைக்குப் போவதும் குளிசை நேரத்தைப் பார்த்தே நடக்கும். மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவுகள் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். ஆகவே சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னர் எடுப்பது என வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

வீட்டார் பெரும்பாலும் பிழையாக விளங்கிக்கொள்வது முகத்தைத்தான். முகத்தசைகள் இறுகுவதால் சிரிப்பு வெளியே தெரியாது, குரலும் தணியும். 'அப்பா எந்நேரமும் கோபம்' என்று பிள்ளைகள் விலகத் தொடங்குவார்கள். அவர் கோபிக்கவில்லை. சற்றுப் பொறுத்திருந்தால் பதில் சொல்வார். கால் ஒட்டி நிற்கும்போது பிடித்து இழுக்கக் கூடாது. நிலத்தில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொன்னால், பலருக்கு அடுத்த அடி எழும்பும்.