மேரி ஷெலியின் இரு பிரயாண நூல்கள்

‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலின் ஆசிரியை என்றே மேரி ஷெலியைப் பலரும் அறிவர். அவர் வெளியிட்ட முதல் நூலும் இறுதி நூலும் பிரயாண நூல்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. இரண்டுமே குடும்பத்தவருடன் ஐரோப்பாவில் மேற்கொண்ட பயணங்களைக் கூறுபவை. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான் ஒவ்வொன்றின் பெறுமதியும் விளங்கும் என்பது என் கருத்து.

1814 ஜூலை 28ஆம் திகதி, 16 வயது மேரி வீட்டை விட்டு வெளியேறினார். உடன் சென்றவர்கள், ஏற்கனவே மணமானவரான கவிஞர் பெர்சி ஷெலியும், மேரியின் மாற்றாந்தாயின் மகளான கிளேரும். நெப்போலியன் வீழ்ந்த ஆண்டு அது. பிரான்ஸின் கிராமங்கள் யுத்தத்தால் எரிந்து கிடந்தன. பாரிஸில் வாங்கிய கழுதையோ பொதி சுமக்கவும் வலுவற்றது. சுவிற்சர்லாந்தை அடைந்தபோது கையில் பணமில்லை. செலவு குறைந்த வழி என்பதால் றைன் நதியில் படகேறி, ஒல்லாந்து வழியாக நாடு திரும்பினர்.

அந்தப் படகுப் பயணத்தில் அவர்கள் வாசித்த நூல்களுள் ஒன்று, மேரியின் தாயார் மேரி வொல்ஸ்டன்கிறாஃப்ட் 1796இல் வெளியிட்ட ஸ்கண்டிநேவியப் பயணக் கடிதங்கள். கைக்குழந்தையுடன் சென்று எழுதிய நூல் அது. மேரி பிறந்து பதினொரு நாட்களுள் தாய் மறைந்துவிட்டார். தாயை மகள் அறிந்தது எழுத்தின் மூலமே.

இப்பயணத்தையும் 1816இன் ஜெனீவா வாசத்தையும் கூறும் முதல் நூல் 1817இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ஷெலியின் கடிதங்களும் கவிதையும் அதிற் சேர்ந்துள்ளன. வறுமையையும் விளையாட்டாகக் காணும் இளமை அதிலே தெரிகிறது.

1818இல் குடும்பம் இத்தாலிக்குச் சென்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஒரு வயதுக் குழந்தை கிளாரா வெனிஸில் இறந்தாள். அடுத்த ஆண்டு மூன்று வயது வில்லியம் றோமில் இறந்தான். 1822 ஜூலையில் ஷெலி கடலில் மூழ்கி மாண்டார். எஞ்சியவன், 1819இல் புளோரன்ஸில் பிறந்த மகன் பெர்சி மாத்திரமே.

ஷெலியின் வாழ்க்கை வரலாற்றை எழுதக் கூடாது என்பது மாமனாரின் கட்டளை. மீறினால் பேரனுக்கான உதவித்தொகை நின்றுவிடும். 1839இல் ஷெலியின் கவிதைகளைப் பதிப்பித்தபோது, குறிப்புரைகள் வழியாகவே மேரி கணவரின் கதையைச் சொல்ல முடிந்தது. வரலாறு எழுதத்தான் தடை. ஊர்களைப் பற்றி எழுத எவரும் தடை விதிக்கவில்லை.

1840இலும் 1842-43இலும் மகனுடனும் அவனது நண்பர்களுடனும் அவர் மீண்டும் ஐரோப்பாவிற்குச் சென்றார். அப்பயணங்களைக் கூறும் கடிதங்கள் 1844இல் இரு பாகங்களாக வெளிவந்தன. கோமோ ஏரியில் மகன் படகோட்டுவதைக் கண்டு தாய் அஞ்சுகிறார். அந்த அச்சத்தின் காரணத்தை நாம் அறிவோம். வெனிஸிற்குச் செல்லும் பாதையில், உயிருக்குப் போராடிய குழந்தையுடன் முன்னர் விரைந்து கடந்த இடங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார். அங்கே அழுகையோ அலங்காரமோ இல்லை. பாதை வர்ணனையே ஒப்பாரியாகிவிடுகிறது.

ஆயினும் அந்நூல் சொந்தத் துயரோடு நின்றுவிடவில்லை. வட இத்தாலி அன்று ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. இத்தாலியரின் விடுதலை வேட்கையை ஆங்கில வாசகர் அனுதாபத்தோடு நோக்க வேண்டும் என அவர் வாதிடுகிறார். பாரிஸில் சந்தித்த இத்தாலிய அரசியல் அகதி ஒருவருக்குப் பண உதவி செய்வதும் நூலை எழுதியதன் நோக்கங்களுள் ஒன்று. தன் பிள்ளைகளைப் புதைத்த மண்ணை அவர் வெறுக்கவில்லை. அம்மண்ணின் மக்களுக்காகவே பேசினார்.

மேரி 1851 பெப்ரவரியில் காலமானார். இத்தாலிய இராச்சியம் உருவானது 1861இல்.

பிரயாண இலக்கியத்தைப் பொழுதுபோக்கு எழுத்தாகக் கருதுவோர் நம்மிடையே உளர். வெளிப்படையாகச் சொல்ல முடியாத ஒரு வாழ்க்கையை, பாதைகளையும் ஏரிகளையும் கொண்டே சொல்லிவிடலாம் என்பதற்கு இந்த இரு நூல்களும் போதிய சான்றாகும்.