இரண்டு மாதமே வாழ்ந்த லீக்: அமெரிக்க மேற்குக் கரை, 1946

1916ஆம் ஆண்டு மே 28 அன்று, கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில், ஜிம்மி கிளாக்ஸ்டன் என்ற பந்தெறிவாளர் 'ஓக்லாந்து ஓக்ஸ்' பேஸ்பால் அணிக்காகக் களமிறங்கினார். அன்று அடுத்தடுத்து நடந்த இரண்டு ஆட்டங்களிலும் அவர் பந்தெறிந்தார். அமெரிக்கப் பூர்வகுடி என்று அறிமுகப்படுத்தப்பட்டு அணியில் சேர்ந்தவர் அவர். அவருடைய முன்னோரில் கறுப்பினத்தவரும் உண்டு என்ற செய்தி நிர்வாகத்தின் காதுக்கு எட்டியது. சில நாட்களிலேயே நீக்கப்பட்டார். அதற்குள் மிட்டாய் நிறுவனம் ஒன்று, தன் பொட்டலங்களில் வைத்து விற்கும் வீரர் அட்டைகளுக்காக அணியினரைப் படமெடுத்திருந்தது. அணியில் நிலைக்காத கிளாக்ஸ்டனின் முகம் அட்டையில் நிலைத்துவிட்டது.

ஓக்லாந்து ஓக்ஸ் ஆடிய 'பசிபிக் கோஸ்ட் லீக்', மைனர் லீக்குகளில் முதல் வரிசையில் நின்றது. கறுப்பினத்தவருக்கு அதில் இடமில்லை என்று எந்த விதிப்புத்தகமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1887ஆம் ஆண்டிலேயே 'இன்டர்நேஷனல் லீக்' உரிமையாளர்கள், கறுப்பின வீரர்களுடன் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அம்முடிவு நாடெங்கும் எழுதப்படாத சட்டமாயிற்று. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தமக்கெனத் தனி லீக்குகளை அமைத்துக்கொண்டனர். 1920இல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று தொடங்கிய 'நீக்ரோ நேஷனல் லீக்' அவற்றுள் முதன்மையானது. (அக்காலத்தில் அம்மக்கள் தம் அமைப்புகளுக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் என்பதால் அச்சொல் இங்கே அப்படியே ஆளப்படுகிறது.) ஆனால் அந்த லீக்குகளின் அணிகள் கிழக்கிலும் தெற்கிலும் நடுமேற்கிலுமே இருந்தன. பசிபிக் கரை நகரங்களில் கறுப்பின மக்கள் தொகை சிறிது. ஓர் அணியைத் தாங்கும் அளவுக்குப் பார்வையாளர் இல்லை.

இந்நிலையை மாற்றியது இரண்டாம் உலகப் போர். 1941 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணை, பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. லூசியானா, டெக்சாஸ், ஆர்க்கன்சா மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் மேற்கே புறப்பட்டனர். ரிச்மண்ட், ஓக்லாந்து, போர்ட்லாந்து நகரங்களின் கப்பல்கட்டும் தளங்கள் அவர்களை ஏற்றுக்கொண்டன. 1940இல் ஓக்லாந்தில் வாழ்ந்த கறுப்பினத்தவர் சுமார் 8,500 பேர். 1950இல் அத்தொகை 47,000ஐக் கடந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஐயாயிரத்துக்கும் குறைவாக இருந்த தொகை 43,000க்கு மேல் உயர்ந்தது. கையில் கூலியும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்த மக்களுக்குத் தம்மவர் ஆடும் ஆட்டத்தைக் காணும் ஆவல் எழுந்தது.

ஏற்கெனவே இருந்த அணிகளின் கதவைத் தட்டிப் பார்க்காமல் இல்லை. 1943இல் ஓக்லாந்து ஓக்ஸ் அணியின் உரிமையாளர், செட் புரூவர் உள்ளிட்ட கறுப்பின வீரர்களுக்குத் தகுதித் தேர்வு நடத்துமாறு கூறினார். அணியின் மேலாளர் மறுத்துவிட்டார். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் அணியும் அத்தகைய தேர்வுக்கு உறுதியளித்துப் பின்வாங்கியது. கிளாக்ஸ்டன் நீக்கப்பட்டு 27 ஆண்டுகள் கடந்திருந்தும் கதவு அசையவில்லை.

இச்சூழலில்தான் 1946இல் 'வெஸ்ட் கோஸ்ட் நீக்ரோ பேஸ்பால் அசோசியேஷன்' பிறந்தது. அதன் கரு உருவானது ஓக்லாந்து வட்டாரத்தில். ஓக்லாந்து லார்க்ஸ், சான் பிரான்சிஸ்கோ சீ லயன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ஒயிட் சாக்ஸ், சான் டியகோ டைகர்ஸ், போர்ட்லாந்து ரோஸ்பட்ஸ், சியாட்டில் ஸ்டீல்ஹெட்ஸ் என ஆறு அணிகள். கூடைப்பந்து உலகில் புகழ்பெற்ற 'ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ்' அணியை உருவாக்கிய ஏப் சாப்பர்ஸ்டீன் தலைவரானார். துணைத் தலைவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். போர்ட்லாந்து அணியும் அவருடையதே. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஓவன்ஸ், தாய்நாடு திரும்பியபின் பிழைப்புக்காகக் குதிரைகளுடன் பந்தயம் ஓட வேண்டியிருந்தது. திறமைக்கும் வாழ்வுக்கும் இடையிலான தூரத்தை அவர் அறிந்ததுபோல் அறிந்தவர் சிலரே.

சியாட்டில் அணியினர் பெரும்பாலும் சாப்பர்ஸ்டீன் நடத்திவந்த குளோப்டிராட்டர்ஸ் பேஸ்பால் குழுவினர். புதிய ஊருக்காகப் புதிய பெயர் பூண்டனர். ஆற்றில் பிறந்து கடலுக்குச் சென்று மீண்டும் ஆற்றுக்கே திரும்பும் அப்பகுதி மீனின் பெயர் அது.

ஆட்டம் தொடங்கியது; சிக்கல்களும் தொடங்கின. முதற்சிக்கல் இடம். ஆறு அணிகளில் எதற்கும் சொந்த மைதானம் இல்லை. பசிபிக் கோஸ்ட் லீக் அணிகளின் மைதானங்களையே வாடகைக்கு எடுக்க வேண்டும். அதுவும் அந்த அணிகள் வெளியூர் சென்றிருக்கும் நாட்களில் மட்டுமே. எந்த மைதானங்களில் அவர்கள் நிறத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதோ, அவற்றுக்கே அவர்கள் வாடகை கொடுத்தனர். வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது மட்டும் வாசல் திறந்துகொள்ளலாம் என்ற நிபந்தனையில் குடியிருப்பது போன்ற வாழ்வு அது. ஆட்ட அட்டவணையைத் தாமே வகுக்கும் உரிமை இல்லாத லீக், ரசிகருக்கு ஒரு பழக்கமாக மாறுவது கடினம்.

இரண்டாவது, தொலைவு. சியாட்டிலிலிருந்து சான் டியகோவுக்குச் சாலைவழி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். வசதி படைத்த அணிகளுக்கே பயணச் செலவு பெரும் சுமை; நுழைவுச்சீட்டு வருமானத்தை மட்டுமே நம்பியவர்களுக்குக் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது, காலம். போர் முடிந்திருந்தது. கப்பல்கட்டும் தளங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. கடைசியில் சேர்க்கப்பட்டவர்களே முதலில் வெளியேற்றப்பட்டனர். எந்தக் கூலியை நம்பி லீக் பிறந்ததோ அந்தக் கூலி நின்றுபோனது.

ஆட்டத்தைக் காண ஆளில்லை என்று இதற்குப் பொருளில்லை. அதே 1946இல் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணியின் ஆட்டங்களுக்கு சுமார் 6,70,000 பேர் வந்தனர். மைனர் லீக் வரலாற்றில் அதுவரை காணாத கூட்டம் அது. வீரர்கள் போரிலிருந்து திரும்பிய மகிழ்ச்சியில் நாடே மைதானங்களை நோக்கிப் படையெடுத்த ஆண்டு. ஆனால் நல்ல தேதிகளும் அவற்றின் வருமானமும் மைதானத்துக்கு உரியவர்களையே சேர்ந்தன. ஒரே மண்ணில் ஒரே கோடையில் ஒரு லீக் செழித்தது. மற்றொன்று பட்டினி கிடந்தது.

நான்காவது காரணம் வேறு வகையானது. அதை வருந்தத்தக்கது என்று சொல்லவும் முடியாது. கலிபோர்னியாவின் பாசடீனாவில் வளர்ந்த ஜாக்கி ராபின்சன், 1945 அக்டோபரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். 1946 ஏப்ரல் 18 அன்று, டாட்ஜர்ஸின் துணை அணியான மான்ட்ரியால் ராயல்ஸ் சார்பில் முதன்முறையாக ஆடினார். 1887இல் கதவடைத்த அதே இன்டர்நேஷனல் லீக்கில்தான் அந்த ஆட்டம் நடந்தது. கறுப்பினச் செய்தித்தாள்களின் கண்களும் மக்களின் கண்களும் அவர்மேல் பதிந்தன. தனிக் கூரை ஒன்றின் கீழ் ஒதுங்க வேண்டிய தேவையே ஒழியப்போகிறது என்ற நம்பிக்கை பிறந்த வேளையில், மேற்குக் கரையில் ஒரு தனிக் கூரை வேயப்பட்டுக்கொண்டிருந்தது.

தொடங்கி இரண்டு மாதங்களில், ஜூலையில், லீக் நின்றது. அப்போது முன்னிலையில் இருந்தது ஓக்லாந்து லார்க்ஸ். சில அணிகள் உடனே மறையவில்லை; ஊர் ஊராகச் சென்று கிடைத்த எதிரணியுடன் ஆடிப் பிழைத்தன. அவ்வாறு நீடித்த சான் பிரான்சிஸ்கோ சீ லயன்ஸ் அணியில் 1949இல் டோனி ஸ்டோன் என்ற பெண் ஆடினார். 1953இல் அவர் நீக்ரோ அமெரிக்கன் லீக்கின் இண்டியானாபொலிஸ் அணியில் இடம்பெற்று, ஆண்களின் தொழில்முறை பேஸ்பாலில் நிலையாக ஆடிய முதல் பெண் என்ற பெயர் பெற்றார். தோற்றுப்போன ஒரு முயற்சியின் மிச்சம் அவருக்கு ஏணியின் ஒரு படியாயிற்று.

பசிபிக் கோஸ்ட் லீக்கின் கதவு 1948இல் திறந்தது. சான் டியகோவைச் சேர்ந்தவரும் போரில் பணியாற்றியவருமான ஜான் ரிச்சி, அந்நகரின் பாட்ரேஸ் அணியில் சேர்ந்தார். மறு ஆண்டு ஓக்லாந்து ஓக்ஸ் அணிக்கு ஆர்ட்டி வில்சன் வந்தார். அந்த ஆண்டே லீக்கின் மட்டையாட்டச் சராசரியில் முதலிடம் பெற்றார். கிளாக்ஸ்டனை நீக்கி 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த அணியின் பக்கம் அண்ட முடியாமல் மூப்படைந்த கைகள் எத்தனை என்பதற்கு எந்தப் பட்டியலும் இல்லை.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் நிறுவனம், 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு நீக்ரோ லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதியை அறிவித்தது. மேற்குக் கரை லீக் அந்த ஏழில் இல்லை. இரண்டு மாதமே நடந்த மைனர் லீக் என்ற வகையில் விலக்குக்குக் காரணம் உண்டு. ஆயினும் நீடித்தவற்றை மட்டும் அளக்கும் அளவுகோல், சிலவற்றை நீடிக்கவிடாமல் செய்தது எது என்ற கேள்வியைத் தொடுவதில்லை. அந்த லீக்கில் ஆட்டத்திறன் இருந்தது, ரசிகர் இருந்தனர், உலகறிந்த ஒரு பெயரும் இருந்தது. சொந்த மண் மட்டும் இல்லை.

பிற்காலத்தில் சியாட்டில் மரைனர்ஸ் அணியினர் ஸ்டீல்ஹெட்ஸ் சீருடை அணிந்து தம் சொந்த மைதானத்தில் ஆடி அப்பெயருக்கு மரியாதை செய்தனர். ஊர்க்காரர்கள் வெளியூர் போன நாளில் மட்டும் களம் கண்ட பெயர், ஊர்க்காரர்களின் மார்பிலேயே ஏறி அதே நகரத்துக் களத்தில் நின்றது. அதற்காக யாரும் வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை.