வராதவர் எங்கே? இல்மின் சபைகள் கேட்ட கேள்வி

 

வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறிப்பதற்கு ஒரு நொடி போதும். ஏன் வரவில்லை என்பதை அறிவதற்கு ஒரு நாள் தேவைப்படலாம். சில வேளைகளில் ஒரு மாதமும் ஆகலாம். முதல் வேலையைப் பள்ளிக்கூடங்களும் மக்தப் மதரஸாக்களும் தவறாமல் செய்துவருகின்றன. இரண்டாவது வேலையோ பெரும்பாலும் ஆளின்றிக் கிடக்கிறது. இந்த உம்மத்தின் கல்வி வரலாற்றைப் புரட்டினால், நம் முன்னோர்கள் அந்த இரண்டாவது வேலைக்கு எத்துணை முக்கியத்துவம் அளித்தார்கள் என்பது புலப்படும்.

மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு எவருக்கும் பெரிதாகத் தோன்றுவதில்லை. பத்து மாதக் கல்வியாண்டில் அது 20 நாள். 200 வேலை நாட்கள் கொண்ட பள்ளியில் பத்தில் ஒரு பங்கு. இந்த அளவை எட்டிய மாணவனையே கல்வியாளர்கள் பலர் தொடர்ந்து வராதவர் என்னும் வகையில் சேர்க்கின்றனர். உறவினர் திருமணம், பெருநாளுக்குப் பின் நீளும் ஊர்த் தங்கல், கடையில் தந்தைக்குத் துணை, வீட்டில் கைக்குழந்தைக்குக் காவல் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். ஆயினும் தவறிய பாடம் காரணத்தைக் கேட்டு மனமிரங்கித் தானே திரும்பி வருவதில்லை.

நபி (ஸல்) அவர்களின் சபையே இந்த உம்மத்தின் முதல் வகுப்பறை. அங்கும் தோழர்கள் அனைவராலும் நாள்தோறும் வர இயலவில்லை. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலீயில், பனூ உமைய்யா பின் ஸைத் குலத்தாரிடையே குடியிருந்தார்கள். அண்டை வீட்டாரான அன்ஸாரித் தோழர் ஒருவருடன் அவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒரு நாள் இவர் சபைக்குச் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்று இறங்கிய வஹீயையும் கேட்ட செய்திகளையும் மற்றவருக்கு வந்து சொல்வார். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இச்செய்தியைக் கல்வியின் பாடத்தில், முறைவைத்துக் கற்பது பற்றிய தனித் தலைப்பின்கீழ் பதிவுசெய்துள்ளார்கள். பிழைப்பின் காரணமாக வர இயலாத நாளைக்கூட வெறும் நாளாக விட்டுவிடாமல் ஏற்பாடு செய்துகொண்ட தலைமுறை அது.

இவ்வளவு முயன்றும் ஒரு செய்தி உமர் (ரலி) அவர்களுக்குத் தவறிப்போயிற்று. அவர்கள் கலீஃபாவாக இருந்த காலத்தில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாசலுக்கு வந்து மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் கிடைக்காததால் திரும்பிச் சென்றார்கள். ஏன் திரும்பிப் போனீர் என்று வினவியபோது, மும்முறை கேட்டும் அனுமதி இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்ற நபிகளாரின் கட்டளையை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அதற்குச் சாட்சி கேட்டார்கள். அன்ஸாரிகளின் சபையிலிருந்து சாட்சி சொல்லச் சென்றவர், அங்கிருந்தோரில் வயதில் மிகவும் இளையவரான அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள். அப்போது உமர் (ரலி) அவர்கள், கடைத்தெருவின் கொடுக்கல் வாங்கல் இதை அறியவிடாமல் தம்மைத் திருப்பிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். கலீஃபாவுக்குக் கிடைக்காத ஒன்று, அமர்ந்திருந்த இளைஞரிடம் இருந்தது.

ஹதீஸ் கலை வளர்ந்தபோது, வராத பொழுதை மறைக்காமல் எழுதிவைக்கும் ஒழுங்கும் சேர்ந்தே வளர்ந்தது. பிற்காலத்தில் டமாஸ்கஸ் நகரின் மஜ்லிஸ்களில் ஒரு நூல் ஓதப்பட்டால், அதைக் கேட்டவர்களின் பெயர்கள் ஏட்டிலேயே பதியப்பட்டன. ஒரு பகுதியைத் தவறவிட்டவரின் பெயரோடு ‘ஃபவ்த்’, அதாவது தவறியது, என்னும் குறிப்பு சேர்க்கப்பட்டது. மிகச் சிறு குழந்தைகளை ‘கேட்டார்’ என்று எழுதாமல் ‘வந்திருந்தார்’ என்று மட்டும் எழுதினார்கள். அத்தகைய ஏடுகள் பல இன்றளவும் உள்ளன.

இதன் மிகச் சிறந்த சான்று ஸஹீஹ் முஸ்லிம் நூலிலேயே இருக்கிறது. நைஸாபூரில் இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களிடம் அந்நூலைக் கேட்டு, பின்வந்தோருக்கு அறிவித்த முதன்மையான மாணவர் இப்ராஹீம் பின் முஹம்மத் பின் ஸுஃப்யான் (ரஹ்) அவர்கள். அவ்வளவு பெரிய நூலில் மூன்று இடங்களை மட்டும் அவர்கள் ஆசிரியரின் வாயிலிருந்து நேரடியாகக் கேட்கவில்லை. அவை ஹஜ், வஸிய்யத், ஆட்சிப் பொறுப்பு ஆகிய பாடங்களில் அமைந்தவை. அவ்விடங்களில் ‘முஸ்லிம் எங்களுக்கு அறிவித்தார்’ என்று சொல்லக் கூடாது, ‘முஸ்லிமிடமிருந்து’ என்றே சொல்ல வேண்டும் என இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஹிஜ்ரீ மூன்றாம் நூற்றாண்டில் தவறிய சில அமர்வுகளின் தடத்தை ஹதீஸ் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அம்மாணவரின் சிறப்பு அதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் கேட்டதும் கேட்காததும் ஒன்றாகிவிடாது என்பதில் நம் இமாம்கள் உறுதியாக நின்றார்கள்.

ஏன் அவ்வளவு உறுதி? பாடம் ஒரு சங்கிலி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். காயிதா ஓதும் குழந்தை ஸுகூன் பாடத்தன்று வராவிட்டால் அடுத்து வரும் ஷத்து பாடம் அதன் நாவில் நிற்காது. பின்னக் கணக்கைத் தவறவிட்ட பிள்ளைக்குச் சதவீதம் புரியாது. ஹிதாயா நூலின் ஆசிரியரான இமாம் புர்ஹானுத்தீன் அல்மர்கீனானீ (ரஹ், ஹிஜ்ரீ 593) அவர்கள் தம் தோழர்களைத் தாம் முந்தியதற்குக் கூறிய காரணம், கற்பதில் தமக்கு இடைவெளி ஏற்படவில்லை என்பதே. மேதைமையை அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. இதை அவர்களின் மாணவர் ஸர்னூஜீ (ரஹ்) தம் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ நூலில் பதிந்துள்ளார்கள். சிறிதாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்ற நபிமொழியின் நிழலில் வளர்ந்த சிந்தனை இது.

இனி, வராதவரை நம் முன்னோர்கள் எவ்வாறு நடத்தினார்கள் என்பதைப் பார்ப்போம். நபியின் குரலுக்கு மேல் குரலை உயர்த்தாதீர்கள் என்னும் கருத்துடைய ஸூரத்துல் ஹுஜுராத்தின் வசனம் இறங்கியபின் ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களைச் சபையில் காணவில்லை. இயல்பிலேயே உரத்த குரல் உடையவர் அவர். நபி (ஸல்) அவர்கள் அவரைத் தேடினார்கள். தோழர் ஒருவர் விசாரித்துவரச் சென்றபோது, தம் அமல்கள் அழிந்தன, தாம் நரகவாசி என்று அஞ்சி, தலைகுனிந்து வீட்டில் அமர்ந்திருந்தார் ஸாபித் (ரலி). அவர் சொர்க்கவாசி என்ற நற்செய்தியோடு நபி (ஸல்) அவர்கள் அதே தோழரைத் திருப்பி அனுப்பினார்கள். வராமைக்குப் பின்னால் இருந்தது அச்சம். எவரும் போய்க் கேட்டிராவிட்டால் அந்த அச்சம் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே இருந்திருக்கும். ஓதத் தெரியவில்லையே என்ற வெட்கத்தால் ஒதுங்கும் பிள்ளைகளின் நிலையும் இத்தகையதே.

கூஃபாவில் நிகழ்ந்தது வேறு வகை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வகுப்பில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் வறிய வீட்டுப் பிள்ளை. ஆசிரியரோ வசதியுள்ளவர், நமக்கோ பிழைப்பு வேண்டும் என்று கூறித் தந்தை அவரைத் தடுத்தார். தாயார் தடுத்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. இளைஞர் வருகையைக் குறைத்துக்கொண்டார். இமாம் அவர்கள் அதைக் கவனித்து விசாரித்தார்கள். திரும்பி வந்த மாணவரிடம் காரணம் கேட்டு, மற்றவர்கள் கலைந்து செல்லும்வரை காத்திருந்து, அவர் கையில் ஒரு பையைக் கொடுத்தார்கள். அதில் நூறு திர்ஹம் இருந்தது. வகுப்பை விடாதே, இது தீர்ந்தால் சொல் என்றார்கள். அது தீரும்போது மாணவர் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த பை தானே வந்தது. அந்த மாணவர்தாம் இமாம் அபூயூஸுஃப் (ரஹ், ஹிஜ்ரீ 182) அவர்கள். ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை காழியாக இருந்தவர், ‘கிதாபுல் கராஜ்’ நூலை எழுதியவர். பட்டுத் துணி வணிகரான அந்த ஆசிரியர் ‘வரவில்லை’ என்பதோடு நிறுத்தியிருந்தால் ஹனஃபீ மத்ஹபின் வரலாறு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தனி மனிதரின் இந்தப் பரிவைப் பின்வந்தோர் நிறுவனமாக்கினார்கள். ஹிஜ்ரீ 459இல் (1067) பாக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸாவில் மாணவர்களுக்குத் தங்குமிடமும் உதவித்தொகையும் வக்ஃபிலிருந்து கிடைத்தன. மம்லூக்கியர் காலக் கெய்ரோவில் யதீம் பிள்ளைகளின் மக்தப்களுக்கு ரொட்டியும் உடையும் வக்ஃப் பத்திரங்களிலேயே ஒதுக்கப்பட்டன. பசித்த குழந்தை வகுப்பில் நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இதே உண்மையின் மேல் எழுந்தவை.

உதவித்தொகை இருந்ததால், மதரஸாக்களில் வராதவர்களைப் பதிவதற்கென்றே ‘காதிபுல் ஃகைபா’ என்னும் எழுத்தர் இருந்தார். டமாஸ்கஸின் தலைமை காழியான தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ், ஹிஜ்ரீ 771) அவர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பணிகளின் கடமைகளை விளக்கும் தம் ‘முஈதுந் நிஅம்’ நூலில் இவரையும் விட்டுவைக்கவில்லை. வராதவரின் பெயரைக் கண்டவுடன் எழுதிவிடாமல் காரணத்தை விசாரிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் அதைத் தெளிவுபடுத்த வேண்டும். விசாரிக்காமல் எழுதினால் அம்மாணவருக்கு அநீதி இழைத்தவராவார். அற்பப் பொருளைப் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்தாலோ நரகத்தின் விளிம்பில் நிற்பவராவார் என்பது அவர்கள் கூறும் கருத்து. ஆக, பதிவேடு ஓர் அமானிதம். கண்டிப்பும் கருணையும் அதில் ஒருங்கே இருக்க வேண்டும்.

இந்த வரலாறு நம் முஹல்லாக்களுக்குச் சில வேலைகளைத் தருகிறது. ஒரு பிள்ளை இரண்டு நாள் தொடர்ந்து வரவில்லையென்றால் மூன்றாம் நாள் அவ்வீட்டுக் கதவைத் தட்ட ஒருவர் வேண்டும்; அவர் குற்றம் சாட்டாமல், நலம் விசாரிப்பவராகச் செல்ல வேண்டும். அச்சம் காரணமென்றால் ஆறுதலும், வறுமை காரணமென்றால் பைத்துல்மாலிலிருந்து பிறர் அறியாத உதவியும் சென்றடைய வேண்டும். தவறிய பாடம் ‘ஃபவ்த்’ என்று குறிக்கப்பட்டு, பிள்ளை திரும்பியதும் முதலில் அதுவே ஓதிக்கொடுக்கப்பட வேண்டும். பெற்றோரோ, விருந்துக்கும் பயணத்துக்கும் விடுமுறை நாட்களையே தேர்ந்துகொள்ள வேண்டும். உலகக் கல்வி, மார்க்கக் கல்வி என இரண்டுக்கும் இது பொருந்தும். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. வேண்டுவது கவனம் ஒன்றே.

நம் பிள்ளைகளில் எவர் அடுத்த அபூயூஸுஃப் என்பதை அல்லாஹ்வே அறிவான். அந்தப் பிள்ளை இன்று ஏதோ ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கல்வியில் இடைவெளி இல்லாத பரக்கத்தையும், வராதவரைத் தேடிச் செல்லும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.