அவருடைய இடது கண்

காத்தான்குடியில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் சில வருடங்கள் பழைய படங்களைத் திருத்தும் வேலை பார்த்தேன். எங்கள் வாவிக்கரைக் குடும்பங்களில் பழைய படம் முழுசாய் இருப்பது அபூர்வம். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கூரைகளோடு அல்பங்களையும் கொண்டுபோனது. எஞ்சியவற்றில் பலவற்றை 2004 டிசம்பர் 26இல் கடல் நனைத்தது. இடையில் 1990. உயிருக்கு ஓடுகிறவர்கள் அல்பத்தைத் தேடுவதில்லை.

படத்தைத் திருத்துவது கணினியோடு வந்த வித்தையல்ல. முந்தைய ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் முகத் தழும்புகளை மறைத்தார்கள். பிரதியில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் அடைத்தார்கள். இதே தூரிகை கொடுமைக்கும் உதவியது. சோவியத் ஒன்றியத்தில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் ஒரு கால்வாய்க் கரையில் நின்ற யெஷோவ், 1940இல் கொல்லப்பட்டார். அந்தப் படத்திலிருந்தும் அவர் காணாமற்போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீரைத் தீட்டிவிட்டார்கள்.

தோமஸ் நோல், ஜோன் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷொப் 1990 பெப்ரவரியில் வெளிவந்தது. ‘லேயர்’ எனும் அடுக்கு 1994இல் மூன்றாம் பதிப்போடு சேர்ந்தது. அடுக்கு என்பது படத்தின் மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்றது. கீழுள்ளதைத் தொடாமல் மேலே வேலை செய்யலாம். அந்த அடுக்குக்கு ஒரு ‘மாஸ்க்’ போடலாம். மாஸ்க்கில் தூரிகையால் கறுப்பைத் தீட்டினால் அடுக்கின் அந்த இடம் மறையும். வெள்ளையைத் தீட்டினால் திரும்பி வரும். சாம்பல் நிறம் பாதி காட்டும். அழிறப்பரால் அழித்துச் சேமித்தது போனதுதான். மாஸ்க்கால் மறைத்தது உள்ளேயே இருக்கும்.

இந்த வேறுபாட்டின் பெறுமதியை ஒரு மாமியிடம்தான் படித்தேன். அவர் கொண்டுவந்தது கணவரின் படம். 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி இஷாத் தொழுகையின்போது மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். படத்தில் பூஞ்சணம் பிடித்து இடது கண்ணும் கன்னமும் போயிருந்தன. வலது கண்ணைப் பிரதியெடுத்து, புரட்டி, இடப்பக்கம் வைத்தேன். மாஸ்க்கில் மென்மையான தூரிகையால் ஓரங்களைக் கலந்துவிட்டேன். ஒட்டுத் தெரியவில்லை. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மாமி நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இரிக்கி மகன். ஆனா இது அவரில்ல. அவர்ர இடது கண் கொஞ்சம் சின்னன்.”

அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கண்ணைச் சிறிதாக்கி, இமையை இறக்கி, அவர் தலையசைக்கும்வரை திருத்தினேன். அடுக்குகள் தனித்தனியே இருந்ததால் அது முடிந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்கு அவர் ஒருவர்தான் சாட்சி. அவர் வந்து சொல்லியிராவிட்டால், பேரப்பிள்ளைகள் என் தூரிகையைத் தங்கள் மூத்தவாப்பாவென்றே நம்பியிருப்பார்கள்.

அன்றிலிருந்து ஸ்கேன் செய்த மூலத்தைத் தொடாமல் வைத்தேன். அடுக்குகளை ஒன்றாக்காமல் சேமித்தேன். பிரதியின் பின்புறத்தில் நான் தீட்டிய பகுதி எதுவென்று பென்சிலால் எழுதினேன்.

பள்ளிவாசல் சுவரில் சன்னத் துளைகளைப் பூசி மெழுகாமல் இன்றும் விட்டுவைத்திருக்கிறோம். நமது எழுத்தும் அப்படி இருக்க வேண்டும். 1990 செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் இராணுவத்தினரால் கொல்லப்பட்ட தமிழர்களுக்கும் முகங்கள் உண்டு. நாங்கள் வரலாறு எழுதும்போது அவர்களையோ, அவர்கள் எழுதும்போது எங்களையோ தண்ணீராகத் தீட்டிவிடக் கூடாது.

வீட்டில் பழைய படம் இருந்தால், அதிலிருப்பவரை அறிந்த ஒருவரை முதலில் பக்கத்தில் இருத்தி, பெயரையும் ஊரையும் வருடத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கண்ணைப் பிறகு திருத்தலாம்.