1904 ஜோகன்னஸ்பர்க் பிளேக்கும் இந்தியக் குடியிருப்பும்

1894இல் ஹாங்காங்கையும் 1896இல் பம்பாயையும் தாக்கிய பிளேக், கப்பல் வழிகளில் பரவி 1901இல் கேப் டவுன் நகரை எட்டியது. அங்கே நோய்த் தடுப்பைக் காரணம் காட்டி ஆப்பிரிக்கர்கள் நகருக்கு வெளியே குடியேற்றப்பட்டனர். மூன்றாண்டுகளுக்குப் பின் தங்கச் சுரங்க நகரமான ஜோகன்னஸ்பர்க்கில் அதே நோய் தோன்றியபோது, நகராட்சி செயல்படத் தொடங்கும் முன்பே அங்கிருந்த இந்தியர்கள் தங்கள் நோயாளிகளைத் தாங்களே பொறுப்பேற்றுப் பேணினர். அண்டை அயலாரின் உதவி எவ்வளவு சாதிக்கும், எந்த இடத்தில் அதன் வலு தீர்ந்துபோகும் என்னும் இரண்டையும் அந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

அந்நகரில் வெள்ளையரல்லாதோர் வாழ்வதற்கென ஒதுக்கப்பட்ட பகுதிகள் 'லொகேஷன்' எனப்பட்டன. இந்தியர்களுக்கான லொகேஷனில், நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்டு வந்த தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் வாழ்ந்தனர். மதராஸ் துறைமுகம் வழியாக நேட்டாலுக்குச் சென்ற தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் அடங்குவர். 99 ஆண்டுக் குத்தகையில் அவர்கள் பெற்றிருந்த மனைகளை 1903இல் நகராட்சி தன் வசமாக்கிக்கொண்டது. ஆனால் மாற்று இடம் தராமல் அவர்களை அங்கேயே வாடகைக் குடிகளாக இருக்கவிட்டு, துப்புரவையும் கவனிக்காததால் நெரிசலும் அழுக்கும் பெருகின. வழக்கறிஞர் மோ. க. காந்தி 1904 பிப்ரவரியில் நகரச் சுகாதார அதிகாரி டாக்டர் போர்ட்டருக்குக் கடிதம் எழுதி, கொள்ளைநோய் வெடிப்பது இனிக் காலத்தின் கேள்விதான் என எச்சரித்தும் பயன் விளையவில்லை.

மார்ச் 18ஆம் நாள், ஒரு தங்கச் சுரங்கத்தில் தொற்றுக்கு ஆளான 23 இந்தியர்கள் லொகேஷனுக்குத் திரும்பி வந்தனர். அவர்களைத் தாக்கியது நுரையீரல் பிளேக்: எலித் தெள்ளுப்பூச்சி கடித்துப் பரவும் நெறிகட்டும் பிளேக்கைப் போலன்றி, இது நோயாளியின் மூச்சாலும் இருமலாலும் நேரே தொற்றுவது, மருந்தில்லாத அக்காலத்தில் இதற்கு ஆளானோர் பிழைப்பது மிக அரிது. தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த 'இந்தியன் ஒப்பீனியன்' இதழுக்குச் சந்தா சேர்க்க அங்கு வந்திருந்த மதன்ஜித், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் காலி வீடு ஒன்றின் பூட்டை உடைத்து நோயாளிகளை அதில் சேர்த்துவிட்டு, காந்திக்குப் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். மிதிவண்டியில் விரைந்து வந்த காந்தி, வீட்டைக் கைப்பற்றிய காரணத்தை நகராட்சிக்கு எழுதித் தெரிவித்தார். மருத்துவர் வில்லியம் காட்ஃப்ரே சிகிச்சைப் பொறுப்பை ஏற்க, காந்தியின் அலுவலகத்தில் பணியாற்றிய நான்கு மணமாகாத இளைஞர்கள் உடன் நின்று, இரவு முழுவதும் மருந்து கொடுத்து, படுக்கையைத் துப்புரவாக்கி, நோயாளிகளின் மனம் தளராமல் பார்த்துக்கொண்டனர்.

மறுநாள் நகராட்சி ஒரு காலிக் கிடங்கைக் கொடுத்ததேயொழிய அதைச் சுத்தம் செய்து தரவில்லை. இந்தியர்களே அதைக் கழுவித் துடைத்து, ஈகை மனம் கொண்டோர் தந்த கட்டில்களைக் கொண்டு தற்காலிக மருத்துவமனையாக்கினர். நகராட்சி அனுப்பிய செவிலிப் பெண் சில நாள்களிலேயே அந்நோய்க்குப் பலியானார். காட்ஃப்ரேயின் இசைவுடன் காந்தி மூன்று நோயாளிகளுக்குத் தலையிலும் மார்பிலும் ஈரமண் பற்றுப் போட்டார். அவர்களுள் இருவர் பிழைத்தனர், ஏனைய அனைவரும் இறந்தனர். இரு உயிர்களை வைத்து ஒரு சிகிச்சையின் பயனைத் தீர்மானிக்க இயலாது. ஆயினும் இறந்தவர்களில் எவரும் கைவிடப்பட்டு இறக்கவில்லை என்பது உறுதி.

பின்னர் லொகேஷனைச் சுற்றிக் காவல் போடப்பட்டு, மக்கள் அனைவரும் தனி ரயிலில் சுமார் 13 மைல் தொலைவிலுள்ள கிளிப்ஸ்புரூட் பண்ணைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டனர், குடியிருப்பு தீக்கிரையாக்கப்பட்டது. வங்கியை அறியாத அம்மக்கள் மண்ணில் புதைத்து வைத்திருந்த வெள்ளிக் காசுகளையும் செப்புக் காசுகளையும் தோண்டி எடுத்துவந்து காந்தியிடம் ஒப்படைக்க, கிருமிநீக்கம் செய்யப்பட்ட பின் வங்கியில் செலுத்தப்பட்ட அத்தொகை ஏறத்தாழ 60,000 பவுண்டு என அவர் தம் சுயசரிதையில் பதிவு செய்துள்ளார். வீட்டை இழக்கும் நேரத்தில் சேமிப்பையாவது காக்க முடிந்தமைக்கு, சமூகத்துக்குள் நிலவிய நம்பிக்கையே அடிப்படையாயிற்று.

எனினும் இந்த உதவி சமூக எல்லையைத் தாண்டவில்லை. நெரிசலைக் கண்டித்து எழுதிய அதே மாதத்தில், ஆப்பிரிக்கர்களை இந்தியர்களோடு ஒரே பகுதியில் குடியமர்த்துவதையும் காந்தி வன்மையாக எதிர்த்தார்.  லொகேஷனிலிருந்து கிளிப்ஸ்புரூட்டுக்கு அனுப்பப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அங்கிருந்த கழிவுநீர்ப் பண்ணையின் அருகிலேயே நிலையாகக் குடியமர்த்தப்பட்டனர். பிற்காலத்தில் சொவேட்டோ என்று உலகறிந்த பெருங்குடியிருப்பின் தொடக்கம் அதுவேயாகும்.

நகராட்சியின் அலட்சியமே நோய்க்குப் பொறுப்பு என்று காந்தி அப்போதே பத்திரிகையில் குற்றஞ்சாட்டினார். வரலாற்றுச் சான்றுகளும் அக்குற்றச்சாட்டுக்கு வலுச் சேர்க்கின்றன. பூட்டை உடைத்த துணிவும், கிடங்கைக் கழுவிய கைகளும், இரவெல்லாம் கண்விழித்த இளைஞர்களின் தொண்டும் என்றும் போற்றத்தக்கவை. ஆனால் அயலார் செய்யும் தொண்டைக் காட்டி ஆட்சி தன் கடமையைக் கழித்துவிட இடம் தரலாகாது. அத்தொண்டு தன்னவர் என்ற வட்டத்துக்குள் நின்றுவிடும்போது, குரலற்றவர்களே பேரிழப்புக்கு ஆளாகின்றனர்.